முதுகைத் தொட்ட கைகள்

ஒசூர்த் தொழிற்பேட்டையின் வாயில்களில் ஷிப்டு மாறும் வேளையில் நான்கு மொழிகள் ஒருங்கே ஒலிக்கும். தமிழர் ‘இடுப்பு வலி’ என்பதைத் தெலுங்கர் ‘நடுமு நொப்பி’ என்பார். கன்னடர் ‘சொண்ட நோவு’ என்பார். தக்கனி உருதுவை வீட்டு மொழியாகக் கொண்டவர் ‘கமர் தர்த்’ என்பார். சொல் நான்கு; நோவு ஒன்று. அந்நோவுக்கு உழைப்பாளி முதலில் நாடும் மருந்தும் பெரும்பாலும் ஒன்றே. அது மற்றொரு மனிதனின் கை.

வீட்டில் எண்ணெய் காய்ச்சித் தடவுகின்றனர். அடுத்த தெருவில் சுளுக்கு எடுப்பவர் நீவி விடுகிறார். ‘புத்தூர் கட்டு’ என்று பலகை மாட்டிய கூடத்தில் ஒருவர் எலும்பை அழுத்திப் பார்க்கிறார். சித்த மருத்துவர், ஹகீம், இயன்முறை மருத்துவர் எனப் பலரும் பல பெயரில் கையையே கருவியாகக் கொண்டு முதுகைத் தொடுகின்றனர். இக்கைகளின் கலை எங்கிருந்து வந்தது? அதனை வளர்த்தோர் யாவர்? நாட்பட்ட இடுப்பு நோவைத் தீர்க்க அதற்குள்ள ஆற்றல் எவ்வளவு? இவ்வினாக்களுக்கு வரலாறு என்ன விடை கூறுகிறது என்பதைக் காண்போம்.

எல்லை மண்ணும் உழைப்பும்

கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் 1792 இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறியது. மைசூர் மேட்டு நிலத்தைச் சேர்ந்த ஒசூர்ப் பகுதி 1799 இல் மாறியது. அன்று முதல் சேலத்தோடும், 1965 முதல் தருமபுரியோடும் இணைந்திருந்த இந்நிலம் 2004 இல் கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. ஆட்சியின் எல்லை மாறினும் மக்கள் வாழ்வில் பெங்களூரின் ஈர்ப்பு மாறவில்லை. ஒசூருக்கும் அந்நகருக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டரே தொலைவு.

1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980 இல் அசோக் லேலண்டின் கனரக வண்டிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும் ஒசூரில் உருவாகத் தொடங்கின. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. 2021 இல் போச்சம்பள்ளிப் பகுதியில் ஓலா நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர் ஆலை அமைந்தது. கைப்பேசிப் பாகங்கள் செய்யும் கூடங்களில் இன்று ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் பணிபுரிகின்றனர்.

ஒவ்வொரு தொழிலும் முதுகை ஒவ்வொரு விதமாக வாட்டுகிறது. வார்ப்பாலையில் கனம் தூக்குபவன் ஒரு வகையில் வளைகிறான். வரிசையில் நின்று எட்டு மணி நேரம் திருகு முடுக்குபவள் வளையாமலே வருந்துகிறாள். கிருஷ்ணகிரியின் கருங்கல் குவாரியில் துளையிடும் எந்திரத்தைப் பற்றியவனின் உடல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒசூரின் ரோஜாத் தோட்டங்களில் பூக் கொய்யும் பெண்கள் குனிந்த தலை நிமிர்வதில்லை. லாரி ஓட்டுநரின் முதுகு இருக்கையோடு சேர்ந்து குலுங்குகிறது. நாள் கூலியையும் ஒப்பந்தப் பணியையும் நம்பி வாழ்வோருக்கு முதுகு நோவு வெறும் உடல் நோவு அன்று. படுத்த நாளுக்குச் சம்பளம் இல்லை.

இந்நோவு எல்லை வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்பு நோவால் துன்புற்றனர் என்று மதிப்பிட்டுள்ளனர். மனிதர் செயலிழந்து கழிக்கும் ஆண்டுகளுக்கு உலகிலேயே முதற்காரணமாக நிற்பது இதுதான்.

கிரேக்கத்திலிருந்து குர்துபா வரை

கையால் முதுகைச் சீர்செய்யும் முறையை எழுத்தில் வைத்தவர்களுள் முற்பட்டவர் கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டஸ். அவர் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலில், நோயாளியைக் குப்புறக் கிடத்தி இரு முனையிலும் இழுத்துக்கொண்டே முதுகை உள்ளங்கையால் அழுத்தும் முறை விளக்கப்பட்டுள்ளது. தேய்த்தல் தளர்ந்த மூட்டை இறுக்கும், இறுகிய மூட்டைத் தளர்த்தும் என்பது அந்நூலின் கருத்து. அக்காலத்தில் நோயாளியை ஏணியில் கட்டிக் குலுக்கும் வழக்கமும் இருந்தது. கூட்டத்தை வாய்பிளக்கச் செய்ய விரும்புவோரின் வித்தை என்று அதனை அந்நூல் இகழ்கிறது.

இந்த அறிவு அரபு மொழிக்கு வந்தபோது அதைச் சோதித்து வளர்த்தவருள் தலையாயவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. ஸ்பெயினின் குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்து கி.பி. 1013 அளவில் மறைந்தவர். அவரது ‘அத்தஸ்ரீஃப்’ 30 பகுதிகளைக் கொண்ட மருத்துவக் களஞ்சியம். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்தைப் பற்றியது. எலும்பு முறிவு, மூட்டு விலகல் ஆகியவற்றுக்கென அதில் தனிப் பிரிவே உண்டு. விலகிய முதுகெலும்பை நேர்ப்படுத்த நோயாளியைப் பலகையில் குப்புறக் கிடத்தி, அக்குளிலும் இடுப்பிலும் கட்டி இரு பக்கமும் இழுத்துக்கொண்டிருக்க, மருத்துவர் கையால் அழுத்தும் முறையை அவர் படிப்படியாக எழுதினார்.

அதைவிட அவர் எழுதிய ஓர் எச்சரிக்கையே நம் கருத்தைப் பெரிதும் கவர்கிறது. முதுகெலும்பு முழுவதுமாக விலகியவனுக்குச் சிறுநீரும் மலமும் தன்னையறியாமல் வெளியேறும், உறுப்புகள் துவளும். அது மரணத்தின் அறிகுறி என்றார். அன்று அந்நிலைக்கு மாற்று இல்லை. இன்றும் முதுகு நோவோடு சிறுநீர் அடக்க இயலாமை தோன்றுமாயின் அதுவே முதல் அபாயக் குறி. ஆயினும் இன்று அது நம்பிக்கையைக் கைவிடும் குறியன்று. அன்றே அறுவை மருத்துவரிடம் விரைய வேண்டிய குறி. எங்கே கை வைப்பது என்று கற்பித்த அதே நூல், எங்கே கை பயன்படாது என்றும் கற்பித்தது.

1465 இல் அனத்தோலியாவின் அமாஸ்யா நகரில் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜுஒக்லு என்ற முதுபெரும் மருத்துவர் அறுவை மருத்துவ நூல் ஒன்றைத் துருக்கி மொழியில் எழுதினார். ஸஹ்ராவியை அடியொற்றிய அந்நூலில் சிகிச்சை முறைகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பெற்றன. முதுகெலும்பை இழுத்து அழுத்தும் காட்சியும் அவற்றுள் ஒன்று.

இப்னு ஸீனா வகுத்த வரிசை

ஸஹ்ராவி எலும்பை நோக்கினாரெனில், அபூ அலீ இப்னு ஸீனா (980–1037) தசையையும் முழு உடலையும் நோக்கினார். அவரது ‘அல்கானூன்’ நூலின் முதற்புத்தகத்தில் உடல் நலம் பேணும் பகுதி உண்டு. தேய்த்தலுக்கு அரபியில் ‘தல்க்’ என்று பெயர். வன்மையாகத் தேய்த்தால் உடல் இறுகும். மென்மையாகத் தேய்த்தால் தளரும். நெடுநேரம் தேய்த்தால் மெலியும். அளவாகத் தேய்த்தால் வளரும் என அவர் வகுத்தார். உழைப்புக்கு முன் உடலை ஆயத்தம் செய்யும் தேய்த்தல் ஒன்று. உழைப்புக்குப் பின் களைப்பை நீக்கி நிலைமீட்கும் தேய்த்தல் மற்றொன்று.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இப்னு ஸீனாவின் வரிசையில் ‘ரியாளத்’ எனும் உடற்பயிற்சி முதலில் வருகிறது. தல்க் அதன் துணையாக வருகிறது. குளியல், உணவு, உறக்கம் ஆகியன தொடர்கின்றன. கை தனித்து நிற்கவில்லை. அசையும் உடலுக்கு ஊழியம் செய்வதே கையின் வேலை என்பது அவர் கொள்கை. இதை மறந்த காலங்களிலெல்லாம் முதுகு நோவு மருத்துவம் வழி தவறியது என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

யூனானி மருத்துவத்தில் இந்நெறி ‘இலாஜ் பித் தத்பீர்’ என்ற பெயரில் இன்றும் பயிலப்படுகிறது. சென்னை மாகாணத்தில் இந்திய மருத்துவ முறைகளை ஆராய 1921 இல் முஹம்மது உஸ்மான் தலைமையில் குழு அமைந்தது. 1923 இல் அது அறிக்கை அளித்தது. அதன் பயனாகச் சென்னையில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி தோன்றியது. 1979 இல் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி சென்னையில் நிறுவப்பட்டது. ஒசூருக்கு அண்மையில் பெங்களூரில் தேசிய யூனானி மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. தல்க் முறை அங்கே பட்டமேற்படிப்பின் ஒரு துறைக்குள் அடங்கிய பாடம்.

நம் மண்ணின் கைகள்

தமிழ் மண்ணின் சித்த மருத்துவமும் இத்துறையில் பின்தங்கியதன்று. அகமருந்து 32, புறமருந்து 32 என வகுத்த சித்தர் மரபில் ‘தொக்கணம்’ புறமருந்துகளுள் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அதற்கு ஒன்பது வகை கூறுவர். இன்றைய இயன்முறை நூல்கள் கற்பிக்கும் கை நுட்பங்களுள் பல இவ்வொன்பதில் அடங்கிவிடும். குமரி மாவட்டத்து ஆசான்கள் வளர்த்த வர்ம மருத்துவம் 108 வர்ம இடங்களைக் கூறுகிறது. தாக்கினால் ஊறு தரும் இடத்தையே தடவினால் நலம் தரும் இடமாகவும் அம்மரபு கண்டது. ஒசூரின் மேற்கே மைசூர் நாட்டு மல்யுத்தக் கூடங்களில், பிடி கற்பித்த உஸ்தாதே சுளுக்கும் எடுத்தார்.

நாட்டு வழக்கில் நம்பிக்கையும் கலந்திருந்தது. பிறக்கும்போது கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு அகலும் என்பது நம் ஊர்களில் நெடுங்கால நம்பிக்கை. வியப்பு யாதெனில், இதே நம்பிக்கை பிரிட்டனின் கார்ன்வால், ஸ்காத்லாந்துப் பகுதிகளிலும் இருந்தது. காலால் பிறந்ததில் ஆற்றல் இல்லை. இறுகிய தசையின்மேல் அளவாக அழுந்திய எடை தந்த இளக்கமே பயன். கண்ட பயன் உண்மை, கூறிய காரணம் பொய் என்ற நிலை மருத்துவ வரலாற்றில் பலமுறை காணப்படுவது.

பாட்னாவிலிருந்து பிரைட்டன் வரை

நம் நாட்டுக் கை மருத்துவம் கடல் கடந்த கதை சுவையானது. 1759 இல் பாட்னாவில் பிறந்த தீன் முஹம்மது கம்பெனிப் படையில் பணிபுரிந்து, 1784 இல் அயர்லாந்து சென்றார். 1810 இல் இலண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் திறந்து நட்டமடைந்தார். 1814 இல் பிரைட்டன் கடற்கரை நகரை அடைந்து, மூலிகை நீராவிக் குளியலோடு உடல் பிடித்துவிடும் நிலையம் அமைத்தார். பிடித்துவிடுதலைக் குறிக்கும் ‘சாம்போ’ என்ற இந்துஸ்தானிச் சொல்லே ஆங்கிலத்தில் ‘ஷாம்பு’ ஆனது. தலை கழுவும் பொருள் அச்சொல்லுக்குப் பின்னர் வந்தது. மூட்டு நோவும் முடக்குவாதமும் கொண்டோர் அவரிடம் திரண்டனர். 1822 இல் தம் முறையைப் பற்றி நூல் வெளியிட்டார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் அவரே ‘ஷாம்பு’ மருத்துவர். 1851 இல் அவர் மறைந்தார்.

இதே நூற்றாண்டில் மேலைநாட்டிலும் இத்துறை கிளைவிட்டது. சுவீடனில் பேர் ஹென்ரிக் லிங் 1813 இல் உடற்பயிற்சிக் கழகம் நிறுவி, பயிற்சியையும் தேய்த்தலையும் இணைத்தார். இங்கிலாந்தில் 1894 இல் செவிலியர் நால்வர் தொடங்கிய சங்கம், பிடித்துவிடும் தொழிலுக்குத் தேர்வும் ஒழுங்கும் வகுத்தது. இன்றைய இயன்முறை மருத்துவத்தின் வேர்களில் அதுவும் ஒன்று.

அமெரிக்காவில் வேறு காற்று வீசியது. ஆன்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874 இல் ‘ஆஸ்டியோபதி’யையும், டேனியல் டேவிட் பாமர் 1895 இல் ‘கைரோபிராக்டிக்’ முறையையும் அறிவித்தனர். முதுகெலும்பைக் கையால் திருத்தும் திறனில் அவர்கள் வல்லவரே. ஆனால் ஏறக்குறைய எல்லா நோய்க்கும் முதுகெலும்பே மூலம் என்றனர். பாமரின் முதல் நோயாளி செவிப்புலன் குன்றியவர் என்பது இதற்குச் சான்று. எல்லாம் தீரும் என்ற பேச்சு, தீரக்கூடியதையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது. முறையான மருத்துவர்கள் இக்கையையே வெறுத்து ஒதுக்கினர்.

படுக்கையும் படமும்

1934 இல் மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே காலுக்கு ஓடும் வலியின் காரணமாகலாம் என்று காட்டினர். யூனானியர் ‘இர்குன் நஸா’ என்ற அந்நோய்க்கு இது உண்மையான விளக்கம். கத்தியால் தீரும் நோய் என்ற எண்ணம் பரவிற்று. கத்தி வேண்டாதவர்க்குப் படுக்கை என்பது விதியாயிற்று. வாரக்கணக்கில் பலகையில் படுக்கச் சொல்லும் மருத்துவம் நெடுங்காலம் நிலவியது. இப்னு ஸீனா முதலில் வைத்த அசைவு மறக்கப்பட்டது.

இவ்விதியை முதலில் அசைத்தது 1986 இல் ரிச்சர்ட் டேயோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு. 203 நோயாளிகளுள் இரண்டு நாள் படுத்தோரும் ஏழு நாள் படுத்தோரும் ஒன்று போலவே குணமடைந்தனர். குறைவாகப் படுத்தோர் குறைந்த நாட்களே வேலையை இழந்தனர். 1995 இல் ஹெல்சிங்கி நகரத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வில், இயன்றவரை அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர்.

படத்தைக் கண்டு அஞ்சுவதும் தேவையற்றது என்று 1994 இல் ஓர் ஆய்வு காட்டியது. முதுகு நோவே இல்லாத 98 பேரைக் காந்த ஸ்கேன் எடுத்தபோது, 52 விழுக்காட்டினருக்குத் தட்டு வீக்கம் இருந்தது. ‘டிஸ்க் விலகியிருக்கிறது’ என்ற ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு தன் உழைக்கும் வாழ்வே முடிந்தது என்று கலங்கும் இளைஞனுக்கு இச்செய்தி சென்று சேர வேண்டும். நாட்பட்ட இடுப்பு நோவு கொண்டோருள் மிகப் பெரும்பாலோர்க்குத் தனிப்பட்ட ஒரு பழுதைச் சுட்ட இயலாது. அசைவே அவர்களுக்கு முதல் மருந்து.

கையின் உண்மையான இடம்

அப்படியாயின் கை எதற்கு? 2004 இல் பிரிட்டனில் 1334 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு இவ்வினாவுக்கு விடை தந்தது. பொது மருத்துவரின் வழக்கமான கவனிப்பைவிட, கையால் முதுகைத் திருத்தியபின் பயிற்சியும் சேர்ந்தபோது மூன்று மாதத்தில் மிதமான நன்மையும், ஓராண்டில் சிறு நன்மையும் விளைந்தன. 2019 இல் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர், நாட்பட்ட நோவில் இம்முறை பரிந்துரைக்கப்படும் பிற சிகிச்சைகளுக்கு ஏறத்தாழ ஒத்த பயன் தருகிறது என்றனர்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு நோவுக்கு நெறிமுறை வெளியிட்டது. நோயைப் பற்றிய விளக்கம், பயிற்சி, முதுகைக் கையால் திருத்தல், தேய்த்தல் ஆகியன அதில் இடம்பெற்றன. சான்றின் உறுதி குறைவு என்பதையும் அது மறைக்கவில்லை. எந்திரத்தால் இழுக்கும் சிகிச்சை, இடுப்புப் பெல்ட், அபின் வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகத் தரவேண்டாம் என்றது. கிரேக்கர் பலகையில் தொடங்கிய இழுவை இங்கே விடைபெற்றது. இப்னு ஸீனாவின் வரிசை மீண்டது. கை வலியைத் தணித்து வாயிலைத் திறக்கும். நடந்து உள்ளே செல்ல வேண்டியவர் நோயாளியே.

இன்று கைப்பேசித் திரையில் முதுகைச் ‘சடக்’கென ஒலிக்கச் செய்யும் காட்சிகள் மலிந்துள்ளன. அவ்வொலி மூட்டு நீரில் வாயுக் குமிழி தோன்றுவதால் எழுவது; இடம் பெயர்ந்த எலும்பு மீண்டு அமர்ந்ததற்கு அது சான்றாகாது. ஏணியில் கட்டிக் குலுக்கியவரின் வித்தை புதிய மேடை ஏறியிருக்கிறது, அவ்வளவே.

கை வைக்கலாகாத முதுகும் உண்டு. மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் கூடிய முதுகு நோவு காசநோய் எலும்பைப் பற்றியதன் அடையாளமாகலாம். நம் நாட்டில் அது அரிதன்று. அரித்த எலும்பை அழுத்தினால் கால்கள் செயலிழக்க நேரும். முன்பு புற்றுநோய் கண்டவர், உயரத்திலிருந்து விழுந்தவர், கால் வலு குன்றுபவர், மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போனவர், சிறுநீர் அடங்காதவர் அல்லது கழிக்க இயலாதவர் ஆகியோரைச் சுளுக்கெடுப்பவர் தொடாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இந்தச் சில குறிகளை எல்லை வட்டாரத்தின் ஒவ்வொரு நீவுநருக்கும் அவரவர் மொழியில் கற்பித்துவிட்டால் பல முதுகுகள் பிழைக்கும். நலத்துறைத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021 இல் இயற்றப்பட்ட தேசியச் சட்டம் இயன்முறை மருத்துவத்தைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. தெருவோரக் கைகளை இகழ்ந்து ஒதுக்காமல், அவற்றுக்கும் இக்குறிகளின் அறிவைச் சேர்ப்பதே அறம்.

முதுகுக்கு முன்னே சுமை

ஆயினும் நீவி அனுப்பிய முதுகு மறுநாள் அதே சுமைக்குத் திரும்புமெனில் கை என்ன செய்யும்? 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு, ஊறு விளைக்கத்தக்க கனமுடைய சுமையை எவரும் தூக்கவோ சுமக்கவோ பணிக்கப்படலாகாது என்றது. அதன் 44 ஆம் பிரிவு, நின்றபடி வேலை செய்வோர் இடையிடையே அமர இருக்கை வேண்டும் என்றது. 1967 இல் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம், வளர்ந்த ஆண் ஒருவன் சுமப்பது 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. ஒரு சிமெண்ட் மூட்டையே 50 கிலோ என்பதை எண்ணினால் அவ்வரம்பும் எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

பாரம் தூக்கும் எந்திரம், இடுப்பளவு உயர்த்திய மேசை, அமர ஓர் இருக்கை, வேலை முறைமாற்றம், நோவு வந்த சில நாட்களுக்குச் சம்பளம் குறையாத இலகுவான பணி ஆகிய இவையும் முதுகு மருத்துவமே. நோயாளியைப் படுக்கையில் கிடத்தாதே என்று ஆய்வுகள் கூறுகின்றன. வேலைக்குத் திரும்பு என்று தொழிலாளியிடம் கூறும் உரிமை, அவன் திரும்பத்தக்க வேலையை அமைத்துத் தருபவருக்கே உண்டு என நாம் கருதுகிறோம்.

குர்துபாவின் ஸஹ்ராவி கைக்கு எல்லை வகுத்தார். புகாராவில் தோன்றிய இப்னு ஸீனா கைக்கு முன்னே அசைவை வைத்தார். பாட்னாவின் தீன் முஹம்மது கையை மன்னர் மாளிகை வரை கொண்டு சென்றார். மன்னர்க்குக் கிட்டிய அந்தக் கை, அறிவோடும் அளவோடும், ஒசூரின் ஆலைத் தொழிலாளிக்கும் கிருஷ்ணகிரியின் கல்லுடைப்பவனுக்கும் பூக்கொய்யும் பெண்ணுக்கும் கிட்ட வேண்டும். அவர்கள் முதுகின் மேலுள்ள சுமையும் அதனோடு குறைய வேண்டும்.